மைனருக்குத் தனி ரூம்

முயல் வளர்ப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை, இரண்டை விட்டால் இருபதாகிவிடும், அப்புறம் நிறுத்துவதுதான் பாடு என்று உலகம்மாளிடம் சொல்லாத ஆள் கிடையாது. சொன்னவர்களை எல்லாம் வரிசையாகக் கூட்டிவந்து இந்தக் கூண்டுக்கு முன்னால் உட்காரவைக்கவேண்டும் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது. ஒரு காது அறுந்து மூளி என்றே பேராகிவிட்ட பெட்டை முயல் ராத்திரியோடு ராத்திரியாகத் தன் நெஞ்சு ரோமத்தைப் பிடுங்கிப் பிடுங்கிப் பெட்டிக்குள் மெத்தை போட்டுவைத்திருந்தது. மெத்தை இருக்கிறது. அதில் படுக்கக் குட்டிதான் இல்லை.

விரலை விட்டு ரோமத்தை விலக்கிப் பார்த்தாள். அடியில் வெறும் கடலைக்கொடி. கிடாவோடு சேர்த்துப் பதினெட்டு நாள்தான் ஆகிறது. முப்பது நாள் ஆகாமல் முயல் ஈனாது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் விரல் கேட்கவில்லை, இன்னொரு தடவை துழாவியது.

"என்ன, இவளும் ஏமாத்திட்டாளா?"

பின்னால் பூமயில் தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். உலகம்மாளின் அண்ணன் நாகநாதனுடைய மனைவி. வாய் கொஞ்சம் நீளம், மனசு கெட்டதில்லை.

"ஏமாத்தல மதினி. கூடு கட்டியிருக்கு பாருங்க."

"கூடு கட்டி என்ன தாயி செய்ய? காக்காகூடத்தான் கட்டுது. அதுலயாச்சும் முட்டை இருக்கும். ஒங்க அண்ணன் வந்து பார்த்தா இன்னைக்கு இவளுக்கும் சீட்டுக் கிழிஞ்சிரும். அள்ளி அங்கிட்டு எறி."

உலகம்மாள் அள்ளவில்லை. அவளுக்கும் கல்யாணமான மூன்றாம் வருசம் இரண்டு மாதம் தள்ளிப்போனது. மாமியார் புளிக்குழம்பு வைத்துக் கொடுத்தாள், தண்ணீர்க் குடத்தைத் தூக்கவிடவில்லை. மூன்றாம் மாதம் எல்லாம் பொய்யென்று ஆனது. அதே மாமியார் அன்றைக்கு இரண்டு குடமாகத் தூக்கச் சொன்னாள். ஆகவே, இல்லாத பிள்ளைக்கு மெத்தை போட்ட மூளியை ஏமாற்றுக்காரி என்று சொல்ல அவளால் முடியவில்லை.

அவள் புருசன் பரமக்குடிப் பக்கம் செங்கல் சூளையில் தீப் போடுகிறவன். ஏழு வருசம் வைத்துப் பார்த்தான், பிறகு கொண்டுவந்து அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். அவளுக்கும் மூன்று வருசமாக ஒன்றும் இல்லை என்று கேள்வி. பஞ்சாயத்தில் உலகம்மாளுக்குத் திரும்பி வந்தது அவளுடைய மூன்று பவுன் சங்கிலி ஒன்றுதான். இரண்டாயிரத்து இரண்டு கார்த்திகையில் அந்தச் சங்கிலியை விற்றுத்தான் மதுரைப் பக்கப் பண்ணை ஒன்றிலிருந்து ஆறு பெட்டையும் ஒரு கிடாவும் வாங்கினார்கள். எல்லாம் வெள்ளை வெளேரென்று, கண்மட்டும் குன்றிமணிச் சிவப்பு. முயல் உலகம்மாளுடையது. புல் அறுப்பது, கூண்டு கூட்டுவது, தண்ணீர் வைப்பது எல்லாம் உலகம்மாளுடையது. சொல்மட்டும் நாகநாதனுடையது.

தை மாதம் ஆறும் ஈன்று முப்பத்தொரு குட்டி தேறின. அபிராமத்தில் ஓட்டல் வைத்திருக்கும் ஹமீது சுல்தான் பாய் வந்து, வளர்ந்ததும் கறிக்கு மொத்தமாக எடுத்துக்கொள்வதாக முன்பணம் கொடுத்தார். நாகநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. கிடாவுக்கு மைனர் என்று பேர் வைத்தான். வேலையற்றதுகள் எல்லாம் வந்து மைனரைப் பார்த்தன. "ஒத்த ஆளா ஆறு பொண்டாட்டிய வச்சு ஆளுறான்ப்பா" என்று பால்சாமி சொன்ன அன்றைக்கு நாகநாதனுக்குப் பயம் வந்துவிட்டது. கண்ணேறு பொல்லாதது. கல்லடிக்குத் தப்பினாலும் கண்ணடிக்குத் தப்ப முடியாது.

கொல்லையில் மோட்டார் ரூம் ஒன்று சும்மா கிடந்தது. ஆழ்துளைக் கிணற்றில் உப்புத் தண்ணீர் வந்ததும் மோட்டாரை விற்றாயிற்று, ரூம் மட்டும் நின்றது. செங்கல் சுவர், தகரக் கூரை, கம்பிக் கதவு. மாசிக் கடைசியில் மைனரைத் தூக்கி அதற்குள் வைத்தான். கதவுக்குச் சாக்குத் தொங்கவிட்டான். நிலையில் படிகாரமும் வத்தலும் கட்டினான். பூட்டுப் போட்டுச் சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டான். பெட்டைகள் மட்டும் முன்போலப் பனையோலைக் கொட்டகையில் கிடந்தன.

"ஆம்பளைக்கு ஒரு மரியாதை வேண்டாமா? மைனருக்குத் தனி ரூம்" என்று சொல்லிக்கொண்டான்.

பங்குனியிலிருந்து ஒரு பெட்டையும் ஈனவில்லை.

ஒவ்வொன்றையும் மோட்டார் ரூமுக்குத் தூக்கிக்கொண்டுபோய் விடுவான். மைனர் ஏறுவான், பக்கவாட்டில் பொத்தென்று விழுவான். "பார்த்தியா, சோலி முடிஞ்சுது" என்று பெட்டையைத் திரும்பக் கொண்டுவந்து விடுவான். பதினெட்டாம் நாள் அது ரோமத்தைப் பிடுங்கும். அப்புறம் சும்மா இருக்கும். இரண்டு தடவை பார்த்தான். சித்திரையில் மூன்று பெட்டைகளை ஹமீது சுல்தான் எடுத்துக்கொண்டு போனார். நான்காவது கமுதிச் சந்தைக்குப் போனது.

"மலட்டு முண்டைகளுக்கு யாரு தீனி போடுறது?" என்றான் நாகநாதன்.

சொன்ன பிறகுதான் தங்கச்சி பக்கத்தில் நிற்பது அவனுக்கு உறைத்தது. "நான் முயலச் சொன்னேன்" என்றான். அவள் அகத்திக் கொழுந்தை ஆய்ந்துகொண்டிருந்தாள். அந்த வருசம் மழை பொய்த்து, பச்சைக்கு நாய்படாத பாடு. சீமைக்கருவேலைத் தவிர வேறெதுவும் ஊரில் பச்சையாக இல்லை. விடியற்காலையில் ஊருணிக் கரை ஈரத்தில் குந்தி அருகம்புல்லைக் கிள்ளிக் கிள்ளிச் சேர்ப்பாள். அதையும் அப்படியே போட முடியாது. பனி ஈரத்தோடு தின்றால் வயிறு ஊதிச் செத்துப்போகும். நிழலில் சாக்கு விரித்து உலர்த்தவேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு, உச்சிப்பொழுதுக்குக் கொட்டகைச் சாக்குகளை உப்புத் தண்ணீரால் நனைத்துவிடுவாள். மோட்டார் ரூம் பக்கமும் வாளியோடு போனாள். நாகநாதன் விடவில்லை.

"ஈரம் பட்டா சளி பிடிக்கும். போ அங்கிட்டு."

"அண்ணே, அதுக்கு வயிறு கிடந்து அடிக்குது. வாயத் தெறந்து மூச்சு வாங்குது."

"ஆம்பளை மூச்சு அப்படித்தான் இருக்கும். ஒனக்கு என்ன தெரியும்?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆள். அந்தப் பழமொழியை உண்டாக்கியவன் நாகநாதனைப் பார்த்துத்தான் உண்டாக்கியிருப்பான் என்பாள் பூமயில். வீட்டில் முயல் வந்ததிலிருந்து அவளுக்கு அதைச் சொல்ல இன்னும் வசதியாகிவிட்டது.

மூளி பொய்மெத்தை போட்ட அன்றைக்குத்தான் வீரையா வந்தான். கமுதிப் பக்கம் சைக்கிள் கடை. பெண்டாட்டி செத்து ஒன்றரை வருசம், மூன்று பிள்ளைகள். உலகம்மாளைக் கேட்டு வந்திருந்தான். அப்போது கொட்டகையில் மூளியும் இன்னொன்றும்தான் மிச்சம். அந்த இன்னொன்றை, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நாகநாதன் அறுத்து உரித்துப் பூமயிலிடம் கொடுத்துவிட்டான். வந்த விருந்தாளிக்குக் கறி வேண்டாமா?

முண்டு வத்தல் அரைத்து, நல்லெண்ணெய் மிதக்கக் குழம்பு கொதித்தது. வாசனை கொட்டகை வரைக்கும் வந்தது. "நீயே கொண்டுபோய் வையி தாயி, அவரு ஒரு பார்வை பார்க்கட்டும்" என்று பூமயில் சட்டியைக் கையில் கொடுத்தாள். காலையில் அகத்தி தின்ற முயல் அது. காதின் உள்பக்கத்தில் ஒரு மச்சம் இருக்கும். உலகம்மாள் கரண்டியால் எடுத்து வீரையாவின் இலையில் வைத்தாள். இலையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெட்கத்தில் திருப்பிக்கொள்கிறாள் என்று இரண்டு ஆம்பளைகளும் நினைத்துக்கொண்டார்கள்.

"கறி பஞ்சாட்டம் இருக்கு மச்சான்" என்றான் வீரையா. பார்க்க நல்ல மனிதன்தான். அதிர்ந்து பேசமாட்டான். "நான் மறைச்சுப் பேச மாட்டேன். எனக்கு மூணு இருக்கு. புதுசா வந்தவளுக்குன்னு ஒண்ணு பிறந்தா, இருக்கிறதுகளுக்குச் சோறு வெலகிப்போகும். எங்க சித்தி வீட்டுல நான் பார்த்தவன். அதான் ஒங்க வீட்டுல இப்படி இருக்குன்னு கேள்விப்பட்டு வந்தேன். அந்தப் பிள்ளைக்குப் பிறக்காதுன்னு நிச்சயந்தான?"

"ஏழு வருசம் பார்த்தாச்சுல்ல மாப்ளே. அதுல என்ன சந்தேகம்?" நாகநாதன் எலும்பை உறிஞ்சியபடி சொன்னான்.

மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசுவதுகூட மாட்டுக்கு எதிரில்தான் நடக்கும். இவர்கள் சட்டியோடு நிற்கிறவளைக் கவனிக்கவே இல்லை. வீரையா போனதும் அவள் அண்ணன் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கு வேண்டாம்ண்ணே. நான் முயலைப் பார்த்துக்கிட்டு இங்கனயே இருந்துக்கிறேன்."

"எந்த முயலை? மிச்சம் ஒண்ணு இருக்கு, அதுவும் மூளி. அதையா காலம்பூரா பார்த்துக்கிட்டு இருப்ப?"

"அது குட்டி போட்டா?"

"போட்டா பேசுவோம். இன்னும் ஒரே ஒருவாட்டி மைனர்கிட்ட விடுறேன். ஆனிக் கடைசிக்குள்ள போட்டா நீ இங்கன இரு, யாரு வேண்டாங்கிறா? போடலைன்னா மாப்பிள்ளைக்கு நான் வாக்குக் கொடுத்துருவேன். ஆவணியில கல்யாணம்."

இரண்டாம் நாள் காலை, வெயில் ஏறுமுன் உலகம்மாள் மூளியைக் கூடையில் வைத்து, மேலே ஈரத்துணி போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். முறுக்கு விற்கப் போகிறாயா என்று கண்டக்டர் கேட்டான். கூடைக்கு டிக்கெட் போடாமல் இருந்தால் ஆமாம் என்றாள்.

அபிராமத்துக் கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர் மூளியை மேசைமேல் விட்டு, வயிற்றைத் தடவிப் பார்த்தார், காதைப் பார்த்தார், புரட்டியும் பார்த்தார். மேற்கிலிருந்து வந்த சின்ன வயசு ஆள்.

"பெட்டையில ஒரு குறையும் இல்லம்மா. கிடாவை எங்க வச்சிருக்கீங்க?"

"மோட்டார் ரூம்ல சார்."

"கூரை?"

"தகரம். கண்ணு படக் கூடாதுன்னு கதவுக்குச் சாக்குப் போட்டு மறைச்சிருக்கு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அது உயிரோட இருக்கிறதே பெரிசு. அந்தச் சூட்டுல கிடாவுக்கு வித்தெல்லாம் செத்துப்போகும்மா. ஏறும், இறங்கும், வேலை நடந்த மாதிரிதான் தெரியும். உள்ள ஒண்ணும் இருக்காது. ஆனா பெட்டையோட உடம்பு நம்பிரும். சினைன்னு நெனச்சு முடியைப் பிடுங்கும், கூடு கட்டும். பொய்ச் சினைன்னு பேரு."

"அப்ப பொட்டைக ஏமாத்தலையா?"

"அதுக எங்க ஏமாத்துது? ஏமாந்ததே அதுகதான். மத்தப் பெட்டையெல்லாம் எப்படி இருக்கு?"

உலகம்மாள் மூளியைத் தூக்கிக் கூடைக்குள் வைத்தாள். டாக்டர் மறுபடியும் கேட்டார்.

"அறுத்தாச்சு சார். அஞ்சு."

அவர் கையைக் கழுவப் போனார். திரும்பி வந்து, கிடாவை ஓலைக் கொட்டகைக்கு மாற்றவேண்டும், சாக்கை நனைத்துத் தொங்கவிடவேண்டும், இரண்டு மாதம் போனால் தானாகச் சரியாகிவிடும் என்றார். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

"சார், ஒண்ணு கேட்கணும். வருசக்கணக்கா நெருப்புக்கிட்டயே நிக்கிற மனுசனுக்கும் அப்படி ஆகுமா?"

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கேள்வி முயலைப் பற்றியது இல்லை என்று அவருக்குப் புரிந்திருக்கவேண்டும்.

"ஆகலாம்மா. ஆகும்னு நான் சொல்லக் கூடாது. நான் ஆடு மாட்டு டாக்டர். ஆனா ரெண்டு பேரையும் சோதிக்காம ஒருத்தர் மேல பழி போடக் கூடாது. ஒங்களைச் சோதிச்சாங்களா?"

"சோதிக்கல சார். கொண்டாந்து விட்டுட்டாங்க."

வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவள் அழுதாள். சந்தோசமா துக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை, கோபம் மட்டும் நன்றாகத் தெரிந்தது. ஏழு வருசம். எத்தனை அரசமரம் சுற்றியிருப்பாள், எத்தனை வெள்ளிக்கிழமை மண்சோறு தின்றிருப்பாள்! ஒருத்தன்கூட அவனைக் கொஞ்சம் நிழலில் போய் நிற்கச் சொல்லவில்லை.

மூக்கைச் சிந்திவிட்டு நேரே ஹமீது சுல்தான் ஓட்டலுக்குப் போனாள். பாய் பரோட்டாவுக்கு மாவு அடித்துக்கொண்டிருந்தார்.

"வா தங்கச்சி. கூடையில என்ன, கறிக்கா? வயசான கறி வேண்டாம் ஆத்தா. போனவாட்டி நீங்க கொடுத்தது நல்ல ஒடம்புதான், ஒரு நோவு நொடி இல்ல. ஆனா வேக மாட்டேங்குது."

"கறிக்கு இல்ல பாய். ஒங்க மக ஒரு கறுப்பு முயல் வளர்க்குதுல்ல? கெடாதான அது?"

"ஆமா. மதுரையில அது அழுது அழுது வாங்குனது."

"அதை எங்கன வச்சிருக்கீங்க?"

"கொல்லையில வாதமரத்தடியில. தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல, ஈர மணல்ல குழி தோண்டிப் படுத்துக் கிடக்கு. ஏன் கேட்கிற?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கேட்க வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த வெட்கத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துதான் இந்த நிலைக்கு வந்தது. டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள். பாய் மாவுக் கையோடு கேட்டுக்கொண்டே நின்றார்.

"யா அல்லாஹ்! அப்ப நான் அறுத்ததெல்லாம் பாவம்ல. போ தங்கச்சி, பின்பக்கமா கொல்லைக்குப் போ. எம்மகளைத்தான் கேட்கணும், நான் சொன்னேன்னு சொல்லு."

கறுப்புக் கிடா தொந்தரவு ஒன்றும் கொடுக்கவில்லை. மைனரைப்போல மூச்சுவாங்காமல், வந்த வேலையைப் பார்த்துவிட்டு மறுபடியும் ஈர மணலில் போய்ப் படுத்துக்கொண்டது.

சாயந்திரம் டாக்டர் சொன்னதை அண்ணனிடம் சொன்னாள். கறுப்புக் கிடா விசயத்தைச் சொல்லவில்லை.

"சூட்டுல வித்து செத்துப்போகுமாக்கும்? அப்ப நம்ம ஊர்ல ஒருத்தனுக்கும் பிள்ளை பிறந்திருக்கக் கூடாதே! ராமநாதபுரம் சில்லாவுல எவன் குளுகுளுன்னு இருக்கான்?"

"அண்ணே, முயலுக்கு வேர்வை கிடையாதாம். சூடு அதோட ஒடம்ப விட்டு இறங்காதாம்."

"மாட்டு டாக்டருக்கு முயலைப் பத்தி என்ன தெரியும்? தை மாசம் முப்பத்தொண்ணு கொடுத்தது யாரு? மைனரா, டாக்டரா?"

"அப்ப அது ஓலைக் கொட்டகையிலதானண்ணே இருந்துச்சு! அப்ப பனிக்காலம்!"

"இங்கேருங்க, அது சொல்றதுலயும் ஞாயம் இருக்குல்ல?" என்றாள் பூமயில்.

"ஒனக்கு உலையைப் பார்க்கத் தெரியுமா, முதல்ல அதைப் பாரு."

பேச்சு அதோடு முடிந்தது. வாக்குக் கொடுத்தபடி மூளியைத் தூக்கிக்கொண்டுபோய் மைனரிடம் விட்டான். மைனர் வழக்கம்போல ஏறினான், வழக்கம்போல விழுந்தான். "சோலி முடிஞ்சுது" என்றான் நாகநாதன்.

பதினெட்டாம் நாள் மூளி ரோமம் பிடுங்கவில்லை. உலகம்மாள் வெளியில் மூச்சு விடவில்லை. வயிற்றைத் தடவினால் விரலுக்குள் இலந்தைப்பழம் உருளுவதுபோல உருண்டது. ராத்திரி படுத்தால் தூக்கம் வராமல், பூனை வந்துவிடுமோ பாம்பு வந்துவிடுமோ என்று நாலு தடவை எழுந்துபோய்ப் பார்த்தாள். ஆனி பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலையில் பெட்டி நிறைய ரோமம். விரலை விட்டாள். சூடாக, வழவழவென்று நெளிந்தது. ஏழு. மயிர் முளைக்காத, கண் திறக்காத, சுண்டுவிரல் அளவு குட்டிகள். தோலுக்கு மேலே ஒரு கருநிழல் ஓடியது அவளுக்கு மட்டும் தெரிந்தது.

அவள் சந்தோசப்பட்டு முடிப்பதற்குள் நாகநாதன் ஊரைக் கூட்டிவிட்டான்.

"பார்த்தீங்களாடா? மைனர் விட்டுக் கொடுப்பானா? ஏலே பால்சாமி, வாய மூடிக்கிட்டுப் பாரு, கண்ணு வைக்காத. ஏழு! அதுவும் ஒரு மூளிக்கிட்ட!"

உலகம்மாள் பெட்டியை மூடிவைத்தாள். ஆட்கள் போனதும் கேட்டாள்.

"அண்ணே, குட்டி போட்டா நான் இங்கனயே இருக்கலாம்னு சொன்னீங்கள்ல?"

"சொன்னேன். ஆனா யோசிச்சுப் பாரு தாயி. மைனர் மறுபடி ஆரம்பிச்சுட்டான். இன்னும் ஆறு பொட்டை வாங்கிப் போட்டா பண்ணை தானா நடக்கும். முயலை நான் பார்த்துக்கிறேன், ஒன் சங்கிலிக்கு நான் பொறுப்பு. நீ எதுக்கு இங்கன கெடந்து சாணி அள்ளணும்? போய் ஒரு வீட்டுல வாழு."

குட்டி போடாவிட்டால் போகவேண்டும். குட்டி போட்டாலும் போகவேண்டும். இதற்கு ஒரு மாதம் கண்விழித்தது எதற்கு? அவள் போய்ப் புல் உலர்த்தினாள். இன்னும் ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போதும் என்று அவளுக்குத் தெரியும்.

எட்டாம் நாள் வீரையா பதில் கேட்க வந்தான். கையில் பூவும் பழமும் இருந்தன. உச்சி நேரம். நாகநாதன் அவனைத் தோளில் கைபோட்டுக் கொட்டகைக்குக் கூட்டிவந்தான்.

"வாங்க மாப்ளே, முதல்ல மைனரோட பிள்ளைகளைப் பாருங்க. அப்புறம் நம்ம விசயம் பேசுவோம்." பெட்டியை இழுத்து ரோமத்தை விலக்கினான்.

ஏழு குட்டிக்கும் மயிர் முளைத்திருந்தது. ஏழும் கறுப்பு. கரிச்சட்டிக் கறுப்பு. மருந்துக்குக்கூட ஒன்றில் வெள்ளை இல்லை.

"ஏன் மச்சான்," என்றான் வீரையா மெதுவாக, "ஆத்தாளும் வெள்ளை. அப்பனும் வெள்ளைன்னுல்ல சொன்னீங்க?"

"அது... சிலசமயம் பாட்டன் பூட்டன் சாயல்ல வரும்."

பூமயில் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு பீறிட்டது.

"பாட்டனும் இல்ல, பூட்டனும் இல்லண்ணே" என்றாள் உலகம்மாள். "ஹமீது பாய் வீட்டுக் கறுப்புக் கெடாகிட்ட நான்தான் கொண்டுபோய் விட்டேன். நீங்க மைனர்கிட்ட விட்ட அன்னைக்குக் காலையில."

நாகநாதனின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். அவன் முதலில் அவளைத் திட்டவில்லை. கூண்டுக்குள் அகத்திக் குச்சியைக் கடித்துக்கொண்டிருந்த மூளியைத்தான் திட்டினான்.

"ஓடுகாலி முண்டை!"

உலகம்மாள் கூண்டுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அதைத் திட்டாதீங்க. குட்டி போடாதப்ப மலடி, போட்டா ஓடுகாலியா? அதைக் கூடையில வச்சுக் கொண்டுபோனது நான். நடந்தா போச்சு அது?"

"யாரைக் கேட்டுக் கொண்டுபோன?"

"என் சங்கிலியில வந்த முயலுக்கு நான் யாரைக் கேட்கணும்? அஞ்ச அறுத்தீங்களே, என்னைக் கேட்டா அறுத்தீங்க? அதுக மேல ஒரு தப்பும் இல்லண்ணே. மைனரை அடுப்புக்குள்ள வச்சுட்டு அதுகளை வெட்டிப் போட்டீங்க."

"அடுப்பா? ராசா மாதிரி வச்சிருக்கேன் அவனை!"

"அப்படியா? சாவியை எடுங்க. கதவைத் தொறந்து உள்ள போயி, மைனர் பக்கத்துல செத்த நேரம் உக்காந்துட்டு வாங்க. மைனராச்சும் நாலு மாசமா இருக்கான். நீங்க ஒரு வெத்தலை போடுற நேரம் இருங்க. போதும்."

வீரையா பார்த்துக்கொண்டிருந்தான். பூமயில் பார்த்துக்கொண்டிருந்தாள். போகாமல் இருக்க முடியாது. நாகநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பூட்டைத் திறந்து, சாக்கை விலக்கி உள்ளே போனான். தகரத்துக்குக் கீழே உட்கார்ந்தான்போல, ஒரு செருமல் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நேரம்கூட ஆகவில்லை. சாக்கைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் சிவந்து, வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். பூமயில் செம்புத் தண்ணீரை நீட்டினாள். முழுதையும் குடித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கொஞ்சம் சூடாத்தான் இருக்கு" என்றான். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "இருந்தாலும் அந்தப் பொட்டைகளும் அவ்வளவு சரியில்ல" என்றான்.

உலகம்மாளுக்கு அவனோடு பேசத் தெம்பில்லை. இந்த ஆளை மோட்டார் ரூமுக்குள் ஒரு வருசம் வைத்திருந்தாலும் இதைத்தான் சொல்லுவான். அவள் வீரையாவின் பக்கம் திரும்பினாள். அவன் பூவையும் பழத்தையும் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

"நீங்க நல்லவரு, மறைக்காமச் சொன்னீங்க. நானும் மறைக்க மாட்டேன். ஒங்களுக்குப் பிள்ளை பெறாத பொம்பளைதான வேணும்? அந்த நிச்சயத்தை என்னால கொடுக்க முடியாது. எனக்குப் பிறக்காதுன்னு இதுவரைக்கும் யாரும் சோதிச்சுச் சொல்லல. நீங்க வேற எடம் பாருங்க."

வீரையா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அந்த வீட்டில் அவளை நேராக ஒரு ஆம்பளை பார்த்தது அதுதான் முதல் தடவை. பழத்தை மட்டும் பூமயிலிடம் கொடுத்து, "ஒங்க பிள்ளைகளுக்கு வாங்குனேன்னு வச்சுக்கங்க" என்றான், சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

"கெட்டுச்சு போ!" என்று நாகநாதன் துண்டை உதறினான். "வந்த சீதேவியக் காலால எத்திட்டா. இனி எவன் வருவான்? நீ சொல்லுடி பூமயிலு, எவன் வருவான்?"

"நீங்க முதல்ல நிழலுக்கு வாங்க" என்றாள் பூமயில்.

உலகம்மாள் மோட்டார் ரூமுக்குள் போனாள். மைனர் காலைப் பரப்பிக்கொண்டு கிடந்தான். கையில் எடுத்ததும் நெஞ்சு படபடவென்று அடித்தது. அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. வைத்த இடத்தில் கிடந்த பிராணி. கோபப்படுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஓலைக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டுவந்து, மூளிக்குப் பக்கத்துக் கூண்டில் விட்டாள். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து சாக்கை நனைத்துத் தொங்கவிட்டாள். ஈரம் சொட்டச் சொட்ட மைனர் மூக்கை நீட்டி முகர்ந்தான்.

மீதி ஐந்து கூண்டும் காலியாகக் கிடந்தன. வழக்கமாக நனைக்கிற கையானதால், அவற்றின் சாக்கையும் நனைத்துவிட்டாள்.